எலிகளிடம் பட்ட கடன்

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரம் பட்ட பாட்டை நாம் எளிதில் மறந்துவிட இயலாது. மார்ச்சு 7ஆம் நாள் கிம் கிம் ஆற்றில் எவரோ பல டன் இரசாயனக் கழிவைக் கள்ளத்தனமாகக் கொட்டிச் சென்றனர். அதிலிருந்து எழுந்த நச்சுக்காற்று அருகிலிருந்த பள்ளிகளுக்குள் புகுந்தது. மாணவர் மயங்கி விழுந்தனர், மூச்சுத் திணறினர், வாந்தியெடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். மார்ச்சு 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன.

நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி அந்த எல்லைக்குள் இல்லை. ஆயினும் ஜொகூரில் அன்று அச்சம் நுழையாத பள்ளிக்கூடம் ஏது? காலைக் கூடலில் மாணவருக்குச் செய்தியை விளக்கிக் கொண்டிருந்தேன். அக்காற்றில் அக்ரிலோநைட்ரில், பென்சீன், டொலுயீன் போன்ற பொருள்கள் இருந்தன என்றும், அவை இன்ன அளவுக்கு மேற்பட்டால் உடலுக்குத் தீங்கு என்றும் அறிஞர் கண்டறிந்துள்ளனர் என்றும் கூறினேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "எவ்வளவு இருந்தால் தீங்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்று கேட்டாள். "எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள் அம்மா" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பின்பு, "அந்த எலிகள் என்ன குற்றம் செய்தன ஐயா?" என்றாள்.

"மனிதர் நலத்துக்காக" என்று ஏதோ சொல்லி அவளை உட்கார வைத்தேன். ஆனால் அக்கேள்வி என்னை உட்கார விடவில்லை. ஓர் ஆசிரியன் தன் மாணவிக்குச் சொல்லத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கூண்டுக்குள் நடப்பது

நடப்பது இன்னதென்று அறியாமல் அதன் நன்மை தீமையை எடைபோடுதல் முறையன்று. ஆகவே அதனை முதற்கண் காண்போம்.

ஆய்வுக்கூடத்து எலி நம் வீட்டு அடுப்படியில் ஓடும் எலியன்று. வெண்மயிரும் செங்கண்ணும் உடைய அவ்வெலி இதற்கென்றே வளர்க்கப்படுவது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள விஸ்டார் கழகத்தில் 1906ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட எலியினம் இன்றும் அக்கழகத்தின் பெயராலேயே வழங்குகிறது. ஒரே குடிவழியில் வந்த எலிகள் ஏறக்குறைய ஒரே தன்மையுடையன. எனவே ஒரு கூட்டத்துக்கு நஞ்சைக் கொடுத்து மறு கூட்டத்துக்குக் கொடாமல் விட்டால், இரண்டிற்கும் இடையே காணும் வேறுபாடு நஞ்சினால் விளைந்ததே என்று துணிந்து கூறலாம்.

1927ஆம் ஆண்டு ஜே. டபிள்யூ. டிரெவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஓர் அளவுகோலை வகுத்தார். கொடுக்கப்பட்ட விலங்குகளில் சரிபாதி மடிவதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதே அவ்வளவு. அதனைப் 'பாதிச் சாவளவு' எனலாம். இன்சுலின் போன்ற வீரிய மருந்துகளைச் சீராக அளவிடுவதற்காகப் பிறந்த அம்முறை, நாளடைவில் உலகிலுள்ள எல்லாப் பொருள்களுக்கும் உரிய சடங்காயிற்று. பூச்சிக்கொல்லியா, சாயமா, சவர்க்காரமா, எதுவாயினும் எலிக்கு ஊட்டு, எத்தனை மடிந்தன என்று எண்ணு, ஏட்டில் எழுது!

புற்றுநோய் உண்டாக்குமா என்று காணும் ஆய்வோ இதனினும் நீண்டது. அதில் எலிகள் இரண்டாண்டுக் காலம், அதாவது ஏறத்தாழத் தம் ஆயுள் முழுவதும், அப்பொருளை உட்கொள்கின்றன. ஒவ்வொரு குழுவிலும் 50 ஆண், 50 பெண். மூன்று அளவுகளுக்கு மூன்று குழுக்கள். ஒன்றும் கொடாத குழு ஒன்று. ஆக, ஒரே ஒரு பொருளுக்கு 400 உயிர்கள்! அக்ரிலோநைட்ரிலை நீரிலும் காற்றிலும் கலந்து கொடுத்து ஆராய்ந்தபோது எலிகளின் மூளையில் கட்டிகள் தோன்றின. பாசிர் கூடாங்கில் கருவியேந்தி வந்த அதிகாரிகள் அக்காற்றைக் கண்டு அஞ்சியதற்கு அவ்வெலிகளும் ஒரு காரணம்.

அருள் மரபும் அன்றாட வாழ்வும்

கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வருகிறோம். அக்கதையின் உட்பொருள் யாது? உயிரை அதன் வாயின் வன்மையைக் கொண்டு எடைபோடலாகாது என்பதன்றோ? மணியை அடிக்கத் தெரிந்த பசுவுக்கு நீதி கிடைத்தது. மணியடிக்கத் தெரியாத எலிக்கு?

எலிக்கு உணர்வில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 2011ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குழாய்க்குள் ஓர் எலியை அடைத்து, அதன் தோழமை எலியை வெளியே விட்டனர். வெளியே இருந்த எலி, எவரும் கற்பிக்காமலேயே, முயன்று முயன்று குழாயின் கதவைத் திறந்து தோழனை விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட்டு வைத்திருந்தபோதும் தோழனை மறந்துவிடவில்லை. பல வேளைகளில் அதற்கும் பங்கு வைத்தது. பிற உயிரின் துன்பம் கண்டு துடிப்பது அருள் என்றால், அவ்வருளின் சிறு துளி அக்கூண்டுக்குள்ளும் இருக்கிறது.

நிற்க. இவ்வாறு எலிக்காக இரங்கும் நாம் அன்றாடம் செய்வதென்ன? செம்பனைத் தோட்டங்களில் எலி பழத்தைத் தின்றுவிடுகிறதென்று நச்சு உருண்டைகளை மரந்தோறும் வைக்கிறோம். அவற்றைத் தின்ற எலி உள்ளே குருதி கசிந்து சில நாள் கிடந்து சாகிறது. வீட்டிலோ பசைப்பலகையில் ஒட்டிக்கொண்ட எலியைக் குப்பைத் தொட்டியில் உயிரோடு எறிகிறோம். இதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் நாம் கேட்பதில்லை. ஆய்வுக்கூடத்தைக் கண்டு மட்டும் கண்ணீர் சிந்துவது முழுமையான அருளாகாது. ஆயினும் ஒரு தீமை மற்றொரு தீமைக்குச் சான்றிதழ் வழங்காது. வீட்டில் கொடியவனாக இருப்பவன் கூடத்திலும் கொடியவனாக இருக்கலாம் என்பது நியாயமாகுமா?

எலி இல்லையேல் எவர்?

"அப்படியாயின் எலிகளை விட்டுவிடுவோம்" என்று கூற என் நாவும் துடிக்கிறது. ஆனால் வரலாறு என் நாவைக் கட்டுகிறது. அவ்வரலாறு வேறெங்கோ நடந்ததன்று. நம் நாட்டிலேயே நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு அடைத்து மாண்டனர். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கண்டு, குற்றம் அரிசியில் உள்ளது என்றார். அதனைச் சோதிக்க 1905ஆம் ஆண்டு மருத்துவர் வில்லியம் பிளெட்சர் தேர்ந்தெடுத்த இடம் கோலாலம்பூர் மனநோயர் விடுதி. உள்ளிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வெள்ளரிசி உண்டவர் பலர் நோயுற்றனர். அவர்களுள் மாண்டவரும் உண்டு. புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். 1907இல் அம்முடிவு இலண்டன் மருத்துவ ஏட்டில் வெளிவந்து புகழ்பெற்றது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சாவகத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், வெள்ளரிசி தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கும் நோய் வருவதைக் கண்டிருந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். கோழியின் சான்று இருந்தும் மனிதர்மீது ஆய்வு நடந்தது. யாருடைய இசைவைப் பெற்று? இசைவு கூறவோ மறுக்கவோ இயலாதவர் என்பதனாலன்றோ அவர்கள் அதற்கு வசதியாக அமைந்தனர்!

அன்றைய மருத்துவரைக் கொடியவர் என்று தூற்றுவது என் நோக்கமன்று. அவ்வாய்வினால் பின்னர்ப் பல உயிர்கள் பிழைத்தன. நான் கூறவருவது இதுவே: கூண்டிலிருந்து எலியை எடுத்துவிட்டால் கூண்டு வெறுமையாக இருப்பதில்லை. குரலற்ற மனிதன் எவனோ அதற்குள் தள்ளப்படுகிறான். அவன் செல்வனாக இருப்பதில்லை, கற்றவனாக இருப்பதில்லை. இரண்டாம் உலகப்போரில் நாட்சி மருத்துவர் இழைத்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947ஆம் ஆண்டு வகுத்த நூரன்பர்க் நெறிகள், மனிதரிடம் நடத்தும் ஆய்வு விலங்காய்வின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தன. மனிதக் குழந்தைக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு காவலாக எலி நிறுத்தப்பட்டது இவ்வாறுதான்.

காவலனும் கண்ணயர்வான்

அக்காவல் முழுமையானதா? அதுவும் இல்லை. எலி வேறு, மனிதன் வேறு. 1957ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற பெண்கள் குமட்டலுக்காக உண்டனர். உலகெங்கும் ஏறத்தாழப் 10,000 குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, கருவுற்ற எலிகளிடம் அக்குறைபாடு எளிதில் தோன்றவில்லை. முயல்களிடமே தெளிவாகத் தோன்றியது. பென்சீன் குருதிப்புற்றை விளைவிக்கும் என்பதை முதலில் உரைத்தவை எலிகள் அல்ல. தொழிற்சாலைகளில் அதனை நுகர்ந்த தொழிலாளர் உடல்களே. எலிகளிடம் அதன் புற்றுத்தன்மை 1970களின் இறுதியில்தான் புலப்பட்டது.

என் குடும்பத்தைத் தொட்ட சான்று ஒன்றையும் கூறுகிறேன். என் தாயார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். தீம்பாரில் முதுகில் பம்பைச் சுமந்து, செம்பனை வேரடியில் புல்லுக்கு அடித்துக் கொண்டே நடப்பார். அது பாராகுவாட்டு என்னும் களைக்கொல்லி. கையுறை கிடையாது. பழந்துணி ஒன்றே முகமூடி. மாலையில் வீடு திரும்பினால் மூக்கில் குருதி கசியும். விரல் நகங்கள் வெளுத்துப் பிளந்து விழும். "புல்லுக்குத்தானே மருந்து, மனிதருக்கு என்ன ஆகும்?" என்று மண்டோர் சொன்னாராம். அதையே எங்களிடமும் சொல்லி எங்களைத் தேற்றுவார் அம்மா. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த தாளை என்னிடம் ஒருமுறை காட்டினார். சிறிய ஆங்கில எழுத்துகள். எனக்கும் அன்று படிக்கத் தெரியவில்லை.

நம் மொழி வழக்கை ஈண்டு எண்ணிப் பாருங்கள். புல் மருந்து, பூச்சி மருந்து, எலி மருந்து! கொல்வதற்கென்றே செய்த நஞ்சை நாம் 'மருந்து' என்கிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அறிந்த இனம், நஞ்சுக்கே அமிர்தத்தின் பெயரைச் சூட்டிவிட்டது. எலியைக் கொல்ல வந்த வார்ஃபரின் 1950களில் மனிதருக்குக் குருதி உறையாமல் தடுக்கும் மருந்தாயிற்று என்பது உண்மையே. அங்கே நஞ்சை மருந்தாக்கியது அளவு. தோட்டத்தில் நஞ்சை மருந்தாக்கியது அறியாமை.

பின்னாளில் படித்தறிந்தேன். பாராகுவாட்டு 1962ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அது நுரையீரலைத் தேடிச் சென்று தங்கும் என்பது 1970களில் எலியின் நுரையீரல் திசுக்களைக் கொண்டே விளக்கப்பட்டது. அதாவது என் தாயார் பம்பைச் சுமந்த அந்நாள்களிலேயே, எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகள் தம் உயிரைக் கொடுத்து அவ்வுண்மையை உரைத்துவிட்டன. அது எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை. மற்றொன்றும் உண்டு. எலியின் பாதிச் சாவளவைக் கொண்டு வகுக்கப்பட்ட உலக நலவாழ்வு நிறுவனத்தின் பட்டியலில் அது 'நடுத்தரத் தீங்குடையது' என்ற வகுப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் மனிதன் ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை. எலியின் கணக்கு மனிதனின் கணக்கை மறைத்துவிட்டது. மலேசிய அரசு 2002ஆம் ஆண்டு இதனைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் தடை தளர்ந்தது. 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்றே அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தடை வந்தபோது தாயாரின் நகங்களை நினைத்துக் கொண்டேன்.

கடனைத் தீர்க்கும் வழி

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. எலியின் சாவை 'தியாகம்' என்று போற்றுவது பொய். தியாகம் என்பது தானே முன்வந்து செய்வது. எலி முன்வரவில்லை, நாம் எடுத்துக் கொண்டோம். இசைவின்றி எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பெயர் கொடையன்று, கடன். கடன் வாங்கியது தவறா என்று மட்டும் கேட்பது போதாது. வாங்கியவன் எவ்வளவு வாங்கினான், எதற்காக வாங்கினான், வாங்கியதை என்ன செய்தான் என்றும் கேட்டல் வேண்டும்.

முதலாவது, தேவைக்கு மேல் வாங்கலாகாது. 1959ஆம் ஆண்டு ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர் மூன்று நெறிகளை வகுத்தனர். இயலுமிடத்து விலங்குக்கு மாற்று வழி காணல். இயலாவிடத்து எண்ணிக்கையைக் குறைத்தல். எஞ்சியவற்றின் வலியைத் தணித்தல். இது வெறுங்கனவன்று. டிரெவன் வகுத்த பழைய சாவளவு முறை 2002ஆம் ஆண்டு பன்னாட்டுச் சோதனை நெறிகளிலிருந்து நீக்கப்பட்டு, மிகச் சில விலங்குகளே வேண்டும் முறைகள் அதனிடத்தைப் பெற்றன. நுண்ணுயிர்களைக் கொண்டும், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டும் பலவற்றை இன்று கண்டறிகின்றனர். அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. உதட்டுச் சாயத்துக்காக ஓர் உயிர் துடிப்பதை எந்த அறமும் ஏற்காது.

இரண்டாவது, கூண்டுக்கு ஒரு காவலர் வேண்டும். இத்துறையில் தமிழர் பெருமைகொள்ளத்தக்க பெயர் ஒன்றுண்டு. மதுரையில் பிறந்து பரதக் கலையை உலகறியச் செய்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் வாயில்லா உயிர்களுக்காக அங்கே வாய் திறந்தார். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு அவரது முயற்சியே வித்து. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டம் ஆய்வுகளை முற்றாக விலக்கவில்லை. அவற்றைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிவகுத்தது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்து, ஆராய்ச்சிக்கு விலங்குகளைப் பயன்படுத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டம் வாயிற்காவலே. உள்ளே ஊசி பிடிக்கும் கைக்கு மனமே காவல்.

மூன்றாவதே தலையாயது. உயிர் கொடுத்துப் பெற்ற அறிவைப் பயன்படுத்தியாக வேண்டும். 400 எலிகளைக் கொன்று ஒரு பொருள் நஞ்சு என்று அறிந்த பிறகு, அதனை நள்ளிரவில் ஆற்றில் கொட்டுபவன் கிம் கிம் ஆற்றங்கரைக் குழந்தைகளுக்கு மட்டுமா தீங்கிழைத்தான்? அவ்வெலிகளின் சாவையும் வீணாக்கினான். நுரையீரலை அழிக்கும் நஞ்சு என்று அறிந்தும் அதனைக் கையுறையின்றிச் சுமக்க விட்டவர், எலியின் கூண்டை அகற்றாமலேயே என் தாயையும் அதனுள் நிறுத்தினர். அறிந்ததை அறிவிக்காத இடத்தில் எலியும் சாகிறது. எலி எவருக்காகச் செத்ததோ அவரும் சாகிறார். இதனினும் கொடிய வீண் வேறில்லை.

அந்த மாணவி இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அவளை மீண்டும் கண்டால் இவ்வாறு கூறுவேன்: "எலிகள் ஒரு குற்றமும் செய்யவில்லை அம்மா. குற்றம் செய்யாதவற்றிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு நாள் அக்கடன் வாங்காமலே வாழும் வழியை உன் தலைமுறை காண வேண்டும். அதுவரையில் அவை சொல்லிச் சென்றதைப் படி. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டு."

என் பள்ளியில் கிடங்கறையின் சுவரில் துப்புரவுக் கரைசல்கள், கொசு மருந்து, கறையான் மருந்து ஆகியவற்றின் எச்சரிக்கைகளைத் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியுள்ளோம். எழுதியவர்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள். 'மருந்து' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நஞ்சு' என்று எழுதச் சொன்னேன். என்னால் திருப்பிச் செலுத்த முடிந்தது இவ்வளவே.